48 கொப்பியும் ஒரு கண்ணாடியும்

முதல் நாள், 2025 பெப்ரவரி 8, சனி

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போது கையில் மூன்று பை. ஒன்றில் என் துணிமணி, ஒன்றில் கோயம்புத்தூரில் வாங்கிய முறுக்கும் கடலை மிட்டாயும், மூன்றாவதில் 48 நோட்டுப் புத்தகம். அந்த மூன்றாவது பைதான் திருச்சி விமான நிலையத்திலிருந்தே தோளைக் கழற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் ஏதோ பெரிய தர்மம் செய்யப் போகிற நினைப்பும் கூடவே வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆபீசில் ஆறு பேர் காசு போட்டு வாங்கியது. பிள்ளைகள் கையில் கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோவும் கேட்டிருக்கிறார்கள்.

கொழும்பு கோட்டையிலிருந்து வரும் காலை ரயிலில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதியில் நிறையப் பேர் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள், இது யாத்திரை சீசன். நாவலப்பிட்டி தாண்டியதும் ஜன்னலில் குளிர் ஏறியது. அதற்குப் பிறகு தேயிலை, மறுபடி தேயிலை, நடுநடுவே தகரம் போட்ட லயன்கள், தோட்டத்து வரிசை வீடுகள். எல்லோரும் கதவில் தொங்கிப் படம் எடுத்தார்கள், நானும்தான்.

இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: என் அப்பாயி 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். 1948இல் ஒரே சட்டத்தில் குடியுரிமை போய் நாடில்லாமல் நின்ற இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஜனங்களை, 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாயி இந்தியாவுக்கு மனுப் போட்டார், அவர் தங்கச்சி இலங்கைக்கு. அப்பாயிக்கு மண்டபம் முகாம், அப்புறம் கூடலூரில் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை) தோட்டம், அங்கேயும் கொழுந்து பறிக்கிற வேலைதான். எங்களை ஊரில் இன்னமும் 'சிலோன்காரங்க' என்பார்கள். தங்கச்சியின் மகள், எனக்கு அத்தை முறை, நோர்வூட் தாண்டி பொகவந்தலாவைப் பாதையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆள். எதையும் கூட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். இரண்டு வருடமாக உலக வறுமையைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், மாதாமாதம் கொஞ்சம் காசும் அனுப்புகிறேன். ஆனால் படித்ததை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள், பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொரு மணி போல கரண்ட் போனது. நம் லயனில் மட்டும் என்று நினைத்தால் நோர்வூட்டிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, நாடு முழுக்க இல்லை. பாணந்துறையில் ஒரு குரங்கு மின் நிலையத்துக்குள் புகுந்துவிட்டதாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாட்ட நிறுத்த ஒரு கொரங்கு போதும் தாயி" என்றார்.

கரண்ட் இல்லாததால் எல்லோரும் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், வந்து உட்கார்ந்தோம். அத்தை, அவர் மகன் அத்தானின் மனைவி (நான் அக்கா என்பேன், 47 வயது, கொழுந்து எடுக்கிறார்), மகள் மார்ச்சில் ஓ.எல். (நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி) எழுதப் போகிறாள், மகனுக்குப் பதினொன்று. அத்தான் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார்.

சரி, பையைப் பிரித்தேன். 48 நோட்டையும் பாயில் அடுக்கினேன். மகள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சித்தி" என்று வைத்துவிட்டாள். பையன்தான் உண்மையைச் சொன்னான்: "கொப்பி நெறைய இருக்கே." நோட்டுக்கு இங்கே கொப்பி என்று பெயர். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி, அதில் குறைந்தது முப்பது கொப்பி, பாதி இன்னும் பிளாஸ்டிக் உறையோடு. ஜனவரி வந்தால் கொழும்பிலிருந்து ஏதாவது ஒரு சங்கம், ஒரு கம்பெனி, ஒரு கோயில், எல்லோரும் கொப்பியோடுதான் வருவார்களாம். பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கமே தருகிறது. இந்த வருடம் அஸ்வெசும (ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற உதவிக் காசு) வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான் வாங்க 6,000 ரூபாவும் கொடுத்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து தோளில் சுமந்ததை நினைத்தேன். போட்டோ எடுக்கவில்லை.

வேலை இல்லாமல் இருந்ததால் அக்காவிடம் ஜனவரிச் சம்பளத் துண்டைக் கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டார், ஆனாலும் கொடுத்தார். 21 நாள் வேலை. அதில் 16 நாள் முழுப்பேர், அதாவது எடுக்க வேண்டிய கிலோவை எடுத்து முழு நாள் சம்பளம், 1,350 ரூபா வீதம் 21,600. ஐந்து நாள் அரைப்பேர், பாதிச் சம்பளம், அதில் 3,375. மொத்தம் 24,975. சேமலாப நிதிக்கு (நம் ஊர் பி.எஃப்.) 8 சதவீதம், சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், முன்பணம் என்று வெட்டியது போகக் கையில் 19 ஆயிரத்துச் சொச்சம். அத்தான் அனுப்புவது 20,000. அஸ்வெசும 5,000. ஆக நாலு பேருக்கு மாதம் 44,000, ஆளுக்கு 11,000. இலங்கை அரசின் கணக்கில் ஓர் ஆள் அடிப்படைத் தேவையோடு இருக்க மாதம் 16,000 ரூபாவை ஒட்டி வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வறியவர்கள் 14.3 சதவீதம், தோட்டப் பகுதியில் மட்டும் 33.8. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னும் மோசம்.

உலக வங்கி அப்போது வைத்திருந்த வறுமைக் கோடு வேறு, நாளுக்கு 2.15 டாலர் (2025 ஜூனில் அதை 3 டாலராக மாற்றிவிட்டார்கள்). அதை வங்கி விலையில் ரூபாவாக மாற்றிப் பார்க்கக்கூடாது, நானும் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். அமெரிக்காவில் 2.15 டாலருக்கு வாங்குகிற அரிசி பருப்பை இங்கே வாங்க எவ்வளவு ஆகுமோ அதுதான் கணக்கு, அது வங்கி விலையைவிடக் குறைவாகத்தான் வரும். அந்தக் கோட்டுக்கும் கீழே 2024 கணக்கில் உலகத்தில் 70 கோடிப் பேர், நூற்றுக்கு எட்டரை. 1990இல் மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படி இருந்தார்கள். குறைந்திருக்கிறது, நிறையவே குறைந்திருக்கிறது, ஆனால் 70 கோடி என்பது நம் தமிழ்நாட்டைப் போல ஒன்பது.

இருட்டும் நேரத்தில் அக்கா பையனின் சட்டைக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்தார். ஊசியைக் கை நீட்டித் தூரமாய்ப் பிடித்து, நாலு தரம் நூலைக் குத்திப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். கரண்ட் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், பெப்ரவரி 10, திங்கள்

பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, ஏழு மணிக்கு முன்பே போய்விட்டோம். பனி அப்படியே புல்லில் உட்கார்ந்திருந்தது. அக்கா இடுப்பில் படங்கு (முரட்டுத் துணி) கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, ஒரு கையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சுற்றிய பொட்டலம். என்னை மேலே வர விடமாட்டேன் என்றார்கள், பிறகு "கீழ நில்லு தங்கச்சி, அட்ட ஏறும்" என்று அனுமதித்தார்கள். இது வெயில் காலம், அட்டை அவ்வளவாக இல்லை. குளவிக்குத்தான் பயம்.

கீழே நின்று பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. இளம் பெண்கள் கையைப் பார்ப்பதே இல்லை, கண் முன்னே ஓடுகிறது, கை பின்னால் பறித்துக்கொண்டே வருகிறது. அக்கா ஒவ்வொரு செடியிலும் குனிந்து, தலையைப் பின்னால் இழுத்து, விரலால் தடவிப் பார்த்துப் பறிக்கிறார். முற்றின இலையும் சேர்ந்து வந்துவிடுகிறது, அதை மறுபடி பொறுக்கி எறிகிறார்.

பகல் நிறுவையில் கணக்கப்பிள்ளை சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்தார். ஈரம் எங்கே, பத்து நாளாக மழை இல்லை என்று ஒரு பெண் சத்தம் போட்டாள், அது காற்றோடு போனது. இந்தத் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் முழுப்பேர். மாலையில் அக்காவுக்கு வந்தது 15 கிலோ. அரைப்பேர்.

வரும் வழியில்தான் எனக்கு அந்த அசாம் ஆய்வு ஞாபகம் வந்தது. 2018இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையின் உலக சுகாதார இதழில் வந்தது. நாற்பது வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை எடுத்து, பாதிப் பேருக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுப்பதாக வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது, சரியாகச் சொன்னால் 21.7 சதவீதம். மருந்தில்லை, பயிற்சியில்லை, ஒரு கண்ணாடி. இதைப் படித்தபோது நல்ல விஷயம் என்று கடந்துபோனேன். நேற்று ஊசியைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

அக்காவிடம் கேட்டேன், எப்போதாவது கண் காட்டியிருக்கிறீர்களா என்று. "ஆஸ்பத்திரில கண்ணு கிளினிக் சும்மாதான். ஆனா போனா ஒரு பேரு போயிருமே" என்றார். இலவச வைத்தியத்தின் விலை 1,350 ரூபாவும் பஸ் காசும். இந்தக் கணக்கை நான் எந்த அறிக்கையிலும் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

நான்காம் நாள், பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மேல் பிரிவுக் கோயிலில் காவடி, தப்பு, ஒரே தூசி. கரண்ட் வெட்டு இன்றைக்கும் உண்டு, குரங்கின் மிச்சம்.

மத்தியானம் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. கடைக்கார அண்ணன், ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் (எல்லோருக்கும் 'சேர்'), நான். உதவி என்றால் பொருளாகக் கொடுப்பதா, காசாகவா என்பது பேச்சு. "காசு குடுத்தா என்னாகும் தெரியுமா? அங்கதான் போகும்" என்று அண்ணன் சாராயக் கடைப் பக்கம் கையைக் காட்டினார். தோட்டத்து ஜனங்களைப் பற்றி வெளியே இருப்பவர்கள் சொல்வதையே இவர் உள்ளே இருந்து சொல்கிறார், எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பல நாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்குக் காசாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை உலக வங்கி ஆட்கள் இரண்டு பேர் தொகுத்திருக்கிறார்கள், காசு கிடைத்ததால் குடியோ சிகரெட்டோ கூடியதாகத் தெரியவில்லை, பல இடங்களில் குறைந்திருக்கிறது என்றேன். அண்ணன் நம்பவில்லை. சேர் மட்டும், "குடிக்கிறவன் காசில்லாமலும் குடிக்கிறான், அதுக்குப் பேரு கடன்" என்றார். கடன் என்றதும் பேச்சு லோன்காரர்கள் பக்கம் போனது. கிழமைக்கு ஒருநாள் பைக்கில் வருவார்களாம், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்த கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில். சிறுகடன் கொடுத்தால் வறுமை தீரும் என்று ஒரு காலத்தில் உலகமே பேசியது. ஆறு நாடுகளில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, 2015இல் வெளிவந்த முடிவு அவ்வளவு பிரமாதமாக இல்லை.

என் கொப்பிக் கதையைச் சொன்னேன். சேர் ரொம்ப நேரம் சிரித்தார். நான் அவருக்கு ஒரு கென்யாக் கதை சொன்னேன்: 1990களில் மைக்கேல் க்ரெமர் என்கிற பொருளாதாரக்காரரும் கூட்டாளிகளும் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடப் புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள், சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை, ஏற்கெனவே முன்னால் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் பலன். "பொஸ்தகம் என்ன பாஷை?" என்று கேட்டார். இங்கிலீஷ், அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி என்றேன். "அதானே." அவர் கேட்ட ஒரே கேள்வியில் விஷயம் முடிந்துவிட்டது. க்ரெமருக்கு 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இவர்களோடு சேர்த்து நோபல் கிடைத்தது. அதே ஊர்ப் பக்கம் குடற்புழு மாத்திரை கொடுத்ததில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது கால்வாசி குறைந்தது என்றும் கண்டார்கள், அதைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இங்கே என்ன குறை என்று கேட்டேன். சேர் விரல் விட்டெல்லாம் சொல்லவில்லை, ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். ஓ.எல். பாஸான பிள்ளை கணிதமோ விஞ்ஞானமோ எடுக்க வேண்டுமென்றால் தமிழில் அதற்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை, ஹட்டனுக்குப் போக வேண்டும். அரசு பஸ்ஸுக்குப் பிள்ளைகளுக்கு சீசன் டிக்கெட் உண்டு, ஆனால் அந்த பஸ் காலையில் ஒன்று, அது வராத நாள் பிரைவேட் பஸ், அதில் சீசன் செல்லாது. "கெட்டிக்காரப் பிள்ளைங்க பஸ்ஸில நிக்குதுங்க" என்றார்.

ஐந்தாம் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஒன்றும் எழுதவில்லை, தூங்கினேன்.

ஆறாம் நாள், பெப்ரவரி 13, வியாழன்

அக்காவை ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இதற்கு முந்தின ராத்திரி பெரிய சண்டை. அன்றைய பேரை, அதாவது 1,350 ரூபாவை, நான் தருகிறேன் என்றேன். "என்ன, என்னைக் கூலிக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டார். நான் படித்த ஆய்வு எதிலும் இந்த வசனம் இல்லை. கடைசியில் "பஸ் காசு நீ குடு, போதும்" என்று இறங்கி வந்தார்.

மணிக்கூட்டுக் கடை மாதிரி ஒடுங்கலான ஒரு கண்ணாடிக் கடை. பையன் கெட்டிக்காரன். எழுத்து அட்டையைப் படிக்க வைத்துவிட்டு, "என்ன வேலைக்குக்கா?" என்று கேட்டான். கொழுந்து என்றதும் கையை நீட்டச் சொல்லி, கண்ணிலிருந்து விரல் வரை தூரத்தை அளந்தான். புத்தகம் படிக்கிற பவர் போட்டால் செடி கலங்கும், செடி ஒரு கை தூரத்தில் இருக்கிறது என்று ஒன்றரைப் பவர் கொடுத்தான். விலை 1,800 ரூபா, இந்தியக் காசில் ஐந்நூற்றுச் சொச்சம். அக்கா கண்ணாடியை மாட்டியதும் முதலில் பார்த்தது தன் உள்ளங்கையைத்தான். நகக்கண்ணில் ஏறிய தேயிலைக் கறையைப் பார்த்து, "ச்சீ, இப்படியா இருக்கு" என்றார்.

பக்கத்துப் பார்வை மங்கி, ஆனால் கண்ணாடி இல்லாமலேயே காலம் தள்ளுகிறவர்கள் உலகத்தில் 80 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணக்குச் சொன்னது. அந்த 80 கோடியில் ஒரு ஆள் குறைந்தது என்று பஸ்ஸில் சொன்னேன், அக்கா காதில் விழவில்லை, கடைப் பலகை ஒவ்வொன்றையும் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் படித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால் லயன் முழுக்கச் செய்தி போயிருக்கிறது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக மாட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "தொரைசாணி மாதிரி இருக்கு" என்றாள். இன்னொருத்தி மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல், தன் கையில் இருந்த மருந்துத் துண்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

ராத்திரி அத்தையோடு பேசிக்கொண்டிருந்தேன். மாதம் 1,500 இந்திய ரூபாய்க்கு ஆப்பிரிக்காவில் கொசுவலை கொடுக்கிற ஒரு அறக்கட்டளைக்கு அனுப்புகிறேன், ஒரு வலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க எல்லாமாக ஐந்து டாலருக்குப் பக்கம் வரும், மூன்று வலை என்றேன். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "நம்ம புள்ளைங்க இங்க இருக்க, அங்க யாருக்கு?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பதில் தயாராக வைத்திருக்கவில்லை. 2023இல் மலேரியாவில் உலகம் முழுக்க 5,97,000 பேர் செத்தார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆப்பிரிக்காவில், அதிலும் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகள் என்றேன். இலங்கையிலும் 1934, 35இல் ஏறக்குறைய 80,000 பேர் போனார்கள், 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது என்றும் சொன்னேன். "ஆமா, கீழ்நாட்டுல கொள்ளை கொள்ளையா செத்தாங்கன்னு எங்க ஆயா சொல்லும்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "அப்ப அதை நிறுத்தாத. ஆனா நம்மளையும் மறந்துராத."

இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஏழாம் நாள், பெப்ரவரி 14, வெள்ளி

கண்ணாடியோடு முதல் நாள். ஏழரைக்குப் பனியில் கண்ணாடி புகைந்துவிட்டது. எட்டரைக்கு வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கிச் செடிக்குள் விழுந்தது, தேடி எடுக்கப் பத்து நிமிடம். சரிவில் இறங்கும்போது கால் வைக்கிற இடம் கலங்குகிறது, ஆகையால் நடக்கும்போது நெற்றிக்கு ஏற்றி, செடியில் நிற்கும்போது இறக்க வேண்டும். அசாமில் தேயிலை சமவெளியில் நிற்கிறது, இங்கே மலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, அந்த 21.7ஐ அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. பத்து மணிக்கு அக்கா பாவாடை நாடா ஒன்றைக் கிழித்துக் கண்ணாடிக் காலில் கட்டித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். அப்புறம் விழவில்லை.

மாலை நிறுவை 17.5. அரைக் கிலோவுக்கு அரைப்பேர் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்காவுக்கு இல்லை. "ரெண்டு கிலோ வெட்டாட்டி முழுப்பேரு" என்றார். அதுவும் சரிதான், கண்ணாடி தராசைத் திருத்தாது.

இந்தக் கணக்கையும் எழுதி வைக்கிறேன். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1,000த்திலிருந்து 1,350 ஆனது. மாதம் இருபது பேர் என்றால் 7,000 ரூபா கூடுதல், ஒவ்வொரு மாதமும், கேட்டு வாங்கியது, யாரும் தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தது இல்லை. தராசில் வெட்டு, சம்பளம், வீட்டுக்கு ஏழு பேர்ச் (நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல்) காணி, இதெல்லாம் கண்ணாடியைவிடப் பெரிய விஷயம் என்று அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ராத்திரி மரண உதவிச் சங்கத்துக் கூட்டம். வீட்டுக்கு மாதம் 100 ரூபா எடுத்துச் சாவுச் செலவுக்கு வைத்திருக்கிற சங்கம், முப்பது வருடமாக ஒழுங்காக நடக்கிறது. ஹட்டன் கண்ணாடிக் கடைப் பையனிடம் போன் போட்டுக் கேட்டேன், 25 பேருக்கு மேல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை லயனுக்கே வந்து பார்க்கிறேன் என்றான். ஞாயிறு என்றால் யாருக்கும் பேர் போகாது. காசு முழுவதும் நான் போடுகிறேன் என்று வாயெடுத்தேன். சங்கத் தலைவர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஆளுக்குப் பாதி அவரவர் மூன்று மாதத் தவணையில் சங்கத்துக்குக் கட்டுவது, மீதிப் பாதி நான், கட்ட முடியாதவர்கள் யார் என்று சங்கத்துக்குத் தெரியும், அது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கறாராகப் பேசினார். பெயர் எழுத ஒரு கொப்பி வேண்டும் என்றார்கள். என்னிடம் 48 இருந்தது.

எட்டாம் நாள், பெப்ரவரி 15, சனி

கொழும்புக்கு ரயில். பக்கத்து இருக்கைக்காரர் பத்திரிகையில் அமெரிக்கச் செய்தி. போன மாதம் 20ஆம் தேதி அங்கே புதிய ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார், அதில் எந்தெந்த நாட்டில் என்னென்ன மருந்து நின்றுபோனது என்று ஒரு பக்கம் முழுக்க. நான் அனுப்புகிற மூன்று வலை அதற்கு எந்த மூலைக்கு. ஆனாலும் இந்த மாதமும் அனுப்பிவிட்டேன், பேராதனைக்கு முன்னால் சிக்னல் கிடைத்தபோது.

மகளுக்கு ஓ.எல். முடிந்து ஹட்டன் பள்ளிக்கூடம் கிடைத்தால் பஸ்ஸுக்கும் டியூஷனுக்குமாக மாதம் 3,000 இந்திய ரூபாய், இங்கே பத்தாயிரத்தைத் தொடும். அக்காவின் கணக்குக்கே போகும், எதற்குச் செலவு என்று நான் கேட்கப் போவதில்லை. மாதாமாதம் அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும். உலக சராசரியில் 200 டாலர் அனுப்ப ஆறு சதவீதத்துக்கு மேல் போகிறது, அதை 2030க்குள் மூன்றுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐநா இலக்கு வைத்திருக்கிறது, அதுவரை காத்திருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பினால், தடவைக்கு இவ்வளவு என்று வாங்குகிற கட்டணமாவது மூன்றில் ஒன்றாகும். வெளிநாட்டுக்குக் காசு அனுப்புகிற எல்லோரும் கட்டணத்தோடு மாற்று விலையையும் சேர்த்துப் பாருங்கள், 'கட்டணமே இல்லை' என்கிறவன் விலையில் வெட்டுவான், நம் கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு வெட்டுகிற மாதிரி.

ஆபீசில் போட்டோ கேட்பார்கள். கொப்பியின் முதல் பக்கத்தைத்தான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 31 பெயர். முதல் பெயர் அத்தையுடையது, வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, கொழுந்தெடுக்கப் போவதில்லை, எதற்கு என்று கேட்டதற்கு "எனக்கும் கண்ணு இருக்குல்ல" என்றார்.

கோட்டையில் இறங்கும்போது அக்காவின் குரல் செய்தி. பின்னால் தண்ணீர்ப் பீலிச் (லயன் குழாய்) சத்தம். "தங்கச்சி, இன்னைக்கு 19 கிலோ. முழுப்பேரு. ஆனா இன்னைக்குப் பனி இல்ல, நல்ல மலையும் குடுத்தாங்க. கண்ணாடியான்னு தெரியல. பாப்போம்."